செத்துப்போனவனுக்கு ட்ராக் பாடியவன்

ராக் இசைக்காரன் என்றால் இருபத்தேழு வயதில் செத்துப்போக வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் முடிவு செய்து வைத்திருந்தோம். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்த வயதில்தான் போயிருக்கிறார்கள், நாம் மட்டும் என்ன மட்டமா என்று ஒரு நினைப்பு. ஒத்திகை அறைச் சுவரில் அவர்களுடைய படங்களை வரிசையாக ஒட்டி, கடைசியில் மூன்று படத்துக்கு இடம் விட்டிருந்தோம். இப்போது எனக்கு ஐம்பத்தேழு. ஒரு மெத்தைக் கடையில் மேலாளராக இருக்கிறேன். இருபத்தேழாவது பிறந்தநாளன்று நான் செய்த ஒரே வீரச்செயல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதுதான். அதற்கும் மரத்துப்போகும் ஊசியை இரண்டு தடவை போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

எங்கள் மூவரில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் நெட்டை ஒருவன்தான். அதிலும் அவனுக்கு அவசரம். இருபத்தாறிலேயே போய்விட்டான்.

நெட்டை கிடார் வாசிப்பான், பாடுவான், பாட்டையும் அவனே எழுதுவான். பேஸ் கிடாருக்கு ஒருவன் இருந்தான். வாசித்துக்கொண்டே நின்றபடி தூங்கக்கூடியவன் என்பதால் அவனுக்குத் தூக்கம் என்று பெயர். அவன் இன்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். அதை நினைத்தாலே எனக்குச் சாலையைக் கடக்கக் கால் வராது. ட்ரம்ஸுக்கு நான். எனக்கு டமாரம் என்று பெயர் வைத்தார்கள். அதற்குக் காரணம் என் கையா வாயா என்று இன்றுவரை யாரும் தெளிவுபடுத்தவில்லை.

ஒத்திகை அறை ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சத்தம் வெளியே போகக் கூடாதென்று சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். சத்தம் போவது நின்றதோ என்னவோ, கரப்பான் பூச்சி வருவது நிற்கவில்லை. அறையில் ஒரே ஒரு மைக். பாடுகிறவன் வாய்க்கு முன்னால் அதைக் கட்டி வைப்போம். மற்றவர்கள் என்ன செய்தாலும் அது தூரத்தில் யாரோ பாத்திரம் உருட்டுவது மாதிரித்தான் கேசட்டில் பதியும்.

நெட்டைக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு பாட்டு எழுதினால் அவன் முதலில் பாட மாட்டான். "என் வாயிலேர்ந்து வந்தா எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அடுத்தவன் பாடினாதான் ஓட்டை தெரியும்" என்பான். அந்த அடுத்தவன் எப்போதும் நான்தான். நான் ட்ரம்ஸை அடித்துக்கொண்டே பாட, அவன் மூலையில் உட்கார்ந்து கிடாரை வாசித்தபடி எங்கே இழுக்கிறது, எங்கே இடிக்கிறது என்று கேட்பான். சினிமாவில் பெரிய பாடகர் வருவதற்கு முன்னால் வேறொருவர் பாடி வைப்பாரே, ட்ராக் என்பார்களே, அந்த வேலை. பெரிய பாடகர் வந்து பாடியதும் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். ஆறு வருஷம் எனக்கு அதுதான் நடந்தது. ஆறு வருஷம் அவனை மாதிரியே பாடிப் பாடி அவனுடைய மூக்கு வழிக் குரலும் எனக்குத் தொற்றிக்கொண்டது.

கடைசியாக அவன் எழுதிய பாட்டுக்கும் அப்படித்தான் நான் ட்ராக் பாடினேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வுக்கு மூன்றாவது தடவையாகப் போயிருந்தான். அறையில் நானும் நெட்டையும் மட்டும். இரண்டு நாள் கழித்து நெட்டை வந்து ஒழுங்காகப் பாடியிருப்பான், என் ட்ராக் அழிந்திருக்கும்.

ஆனால் அந்த நாளில் அவன், வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்க ஸ்கூட்டரில் பின்னால் கட்டிக்கொண்டு போனான். ஒரு வளைவில் ஸ்பீக்கர் சாய்ந்தது, ஸ்கூட்டரும் கூடவே சாய்ந்தது. சுவரில் இருந்த ஆட்களின் சாவில்கூட ஒரு மிடுக்கு இருந்தது. இவனுக்கு வாய்த்தது வாடகை ஸ்பீக்கர். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பேனாவைக் கீழே வைக்கவும் வேண்டியிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து நெட்டையின் வீட்டில் அவனை நினைத்து ஒரு சின்னக் கூட்டம் வைத்தோம். பதினைந்து பேர் இருப்போம். நெட்டையின் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். அண்ணிக்கு அப்போது ஆறு மாதம். தூக்கம் ஒரு கேசட்டோடு வந்தான். அதன் மேல் நெட்டையின் கையெழுத்தில் 'நெட்டை, புதுசு' என்று எழுதியிருந்தது. ஆரம்பத்தில் வெறும் இரைச்சல்தான் இருக்கிறது என்று ஓட்டிவிட்டு, நேராகப் பாட்டிலிருந்து போட்டான்.

என் குரல் வந்தது. எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள்.

"அது நான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "குரலக் கேட்டதும் உள்ள அசையுது பாருங்க" என்றார். அந்தம்மாவைப் பார்த்து, "அண்ணி, அது அவன் இல்ல, நான்" என்று சொல்ல எந்த மனுஷனுக்கு வாய் வரும். திறந்த வாயைப் பேசாமல் மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அடுத்த வாரம் முப்பத்தொரு வருஷம் இழுத்துவிட்டது.

பெண்டாட்டிக்கே குரல் அடையாளம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தேய்ந்த கேசட், ஓட்டை மைக், போதாக்குறைக்கு அவனை மாதிரியே பாடும் நான். ஒருவேளை அண்ணிக்குத் தெரிந்தே இருந்ததோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்கத் தைரியம் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலாவது பாவம் குறைந்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் நெட்டையின் நினைவு நாளுக்குத் தூக்கம் ஒரு கூட்டம் வைப்பான். ஓட்டுநர் பள்ளி வகுப்பறையில், சாலைக் குறியீட்டுப் படங்களுக்கு நடுவில். அதில் அந்தக் கடைசிப் பதிவைப் பற்றி நான்தான் பேச வேண்டும், ஏனென்றால் உடனிருந்தவன் நான் ஒருவன்தானே. முதல் வருஷம், "நெட்டை கண்ணை மூடிக்கொண்டு பாடினான்" என்றேன். ஐந்தாவது வருஷம் வெளியே மழை பெய்ய ஆரம்பித்தது. பன்னிரண்டாவது வருஷம் மின்சாரம் போய் மெழுகுவத்தி வந்தது. மின்சாரம் போனால் கேசட் எப்படி ஓடும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வாய் கூசாமல் கதை விட்டேன். கதையில் நெட்டை பெரிய ஆளாகிக்கொண்டே போனான், நான் அவனருகே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குள் பாட்டு பரவிவிட்டது. முன்னால் இருந்த இரைச்சலை விட்டுவிட்டுக் கேசட்டைக் கேசட்டாகப் படியெடுத்தார்கள், பிறகு கல்லூரிப் பிள்ளைகள் கையில் போனது, பிறகு செல்போனுக்கு வந்து லட்சக்கணக்கில் கேட்டார்கள். பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா வேண்டாமா என்று ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான். நேரம் கழித்து வீட்டுக்குப் போகிறவன் பெண்டாட்டிக்குப் பயந்து நிற்பது. செத்தவன் பாட்டு என்று ஆனதும் அந்தக் கதவு மறு உலகத்துக் கதவாகிவிட்டது.

கடையில் ஆள் வராத மத்தியான வேளையில் ஒரு காட்சி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதுவதைப் படிப்பேன். 'இந்தக் குரலுக்குத் தன் சாவு தெரிந்திருக்கிறது' என்று ஒருவர். 'மூன்றாவது வரியில் வரும் நடுக்கத்தைக் கேட்டால் ரத்தம் உறைகிறது' என்று இன்னொருவர். டயர் கடைக்காரர் கழிவறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். மூன்றாவது வரி வரும்போது எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. அந்த நடுக்கம் அதுதான்.

'எல்லாம் சரி, ட்ரம்மர்தான் சுமார்' என்று ஒருத்தன் எழுதியிருந்தான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். 'ஒரே ஆள் பாடிக்கொண்டே அடித்தால் அப்படித்தான் இருக்கும்' என்று தட்டினேன். பிறகு அழித்துவிட்டுத் தூசி தட்டப் போனேன்.

என் மனைவியிடம் மட்டும் கல்யாணமான புதிதில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க குளிக்கும்போது பாடுறதத்தான் நான் தினமும் கேக்கிறேனே. யாருக்குக் காது குத்துறீங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. உண்மையைச் சொல்லியும் பொய்யனான பெருமை எனக்கு உண்டு.

இதெல்லாம் வேடிக்கைதான். வேடிக்கையில்லாதது நெட்டையின் மகள்.

அப்பா போன பிறகு நாலு மாதம் கழித்துப் பிறந்தவள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. என்னைச் சித்தப்பா என்பாள். சின்ன வயதில் அந்தப் பாட்டைப் போட்டால்தான் தூங்குவாள் என்று அண்ணி சொல்வார். தேர்வுக்குப் போகும் முன்னால் கேட்பாள், காய்ச்சல் வந்தால் கேட்பாள். அவளுடைய கல்யாணத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க அந்தப் பாட்டைப் போட வைத்து, "அப்பா வந்துட்டாரு" என்று சொல்லி அழுதாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் செருப்பு வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

இந்த வருஷம் பாட்டைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிடலாம் என்று தூக்கம் ஏற்பாடு செய்தான். நெட்டையின் மகள் மூல கேசட்டைக் கொடுத்திருந்தாள். அவளிடம் அதைப் போட்டுக் கேட்க இயந்திரமே இல்லை, பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். உடனிருந்தவன் என்ற முறையில் ஒலிப்பதிவாளர் என்னை ஒரு தடவை வந்து கேட்கச் சொன்னார். சின்னப் பையன்தான், முப்பது இருக்கும். கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டிய அறை, ஒரு நாற்காலியில் அவர், ஒரு முக்காலியில் நான்.

"நல்லா வந்திருக்கு சார். ஆரம்பத்துல ஒரு நாப்பது நொடி இரைச்சல். யாரோ தூரத்துலேர்ந்து பேசுறாங்க. ட்ரம்மர் எதையோ உளறுறாரு போல, பாடகரப் பாடச் சொல்றாரு. அத வெட்டிடலாம்."

"போடுங்க, கேப்போம்" என்றேன்.

எதையோ திருகிச் சத்தத்தைக் கூட்டினார். நாற்காலி இழுபடும் ஓசை. இருமல். அப்புறம் நெட்டை பேசினான்.

"டேய், நீயே பாடு. எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நீ பாடினாதான் எங்க இடிக்குதுன்னு தெரியும்." பதிலுக்கு யாரோ ட்ரம்மில் இரண்டு தட்டு தட்டினார்கள். நான்தான். நெட்டை சிரித்தான். "சீக்கிரம் முடிடா, வீட்டுக்குப் போகணும். காலையில அவ வயித்துல கைய வெச்சேன், உள்ளேர்ந்து ஒரு உதை. பொண்ணுதான் பாரு. பையனா இருந்தா இவ்வளவு கோவம் வராது. நேர்ல பாத்து ரெண்டுல ஒண்ணு கேக்கிறேன், ஏண்டி அப்பன உதைச்சேன்னு. ம், ஆரம்பி."

முப்பத்தொரு வருஷமாக அந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அவன் குரலை நினைத்தால் என் குரல்தான் ஞாபகத்துக்கு வரும். அவ்வளவு அழகாக நானே என்னை ஏமாற்றி வைத்திருந்தேன்.

"வெட்டிரட்டுமா சார்" என்றார் அவர்.

"வெட்டாதீங்க தம்பி. எனக்கு அனுப்புங்க" என்றேன்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது விஷயம் உறைத்தது. இதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தால் அவள் அப்பா அவளைப் பற்றிப் பேசுவது அவளுக்குக் கிடைக்கும். ஆனால் 'நீயே பாடு' என்று சொன்னவன் அப்பா என்றால், பாடியவன் யார்? பேச்சைக் கொடுத்தால் பாட்டைப் பிடுங்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவளிடம் இருந்த ஒரே அப்பா அந்தப் பாட்டுதான்.

மூன்று நாள் போனைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு தம்பதி மெத்தையில் படுத்துப் பார்த்துக்கொண்டே யார் சுவர்ப் பக்கம் படுப்பது என்று சண்டை போட்டார்கள். நான் சமாதானம் சொல்லாமல் சுவரையே வெறித்துக்கொண்டு நின்றதில் அவர்கள் வாங்காமலே போய்விட்டார்கள். நான்காம் நாள் எனக்கு ஒரு மகத்தான யோசனை வந்தது. ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, அந்த நாப்பது நொடில முதல் பகுதிய எடுத்துடுங்க. சிரிப்புலேர்ந்து ஆரம்பிக்கட்டும்."

இரண்டே நிமிஷத்தில் அனுப்பினார். இருபத்திரண்டு நொடி. சிரிப்பு, வீடு, உதை, பெண் குழந்தை. அப்பாவின் பேச்சும் அவளுக்குக் கிடைக்கும், அப்பாவின் பாட்டும் அவளிடமே இருக்கும், என் மானமும் கப்பலேறாது. இவ்வளவு புத்தியை வைத்துக்கொண்டு ஏன் மெத்தை விற்கிறோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அன்று மாலையே நெட்டையின் மகள் கடைக்கு வந்தாள். நினைவுக் கூட்டத்தில் நான் என்ன பேசப்போகிறேன் என்று கேட்க வந்தவள். கால் வைக்கிற இடத்தில் பிளாஸ்டிக் விரித்த காட்சி மெத்தையில் இருவரும் உட்கார்ந்தோம்.

"சித்தப்பா, இந்த தடவ மழை, மெழுகுவத்தி எல்லாம் வேணாம்" என்றாள். "அவர் எப்படிப் பேசுவாருன்னு சொல்லுங்களேன். பாடுறது எனக்கு மனப்பாடம். அவர் பேசி நான் கேட்டதே இல்ல. வேகமா பேசுவாரா, மெதுவா பேசுவாரா, எதுவுமே தெரியாது. அம்மாகிட்ட கேட்டுவெச்சிருக்கணும். விட்டுட்டேன்."

போனை எடுத்தேன். "கேசட் ஆரம்பத்துல இது இருந்துதும்மா" என்று சொல்லி இயர்போனைக் கொடுத்து, இருபத்திரண்டு நொடியைப் போட்டேன். அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் திறமை போதாது. மறுபடி போடச் சொன்னாள். மறுபடி. நாலாவது தடவை கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினாள். அழுவாள் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன்.

"சித்தப்பா, பேசுற குரல் வேற மாதிரி இருக்கு."

"பழைய கேசட் இல்லியாம்மா. தூரத்துலேர்ந்து பேசுறான். அதோட அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்தது."

"தொண்டை கட்டியிருந்தா அப்புறம் எப்படிப் பாடினாரு?"

பூசி மெழுகலாம் என்று வாயைத் திறந்தேன். மைக் சரியில்லை, கேசட் நாடா இழுத்துக்கொண்டது, குளிர் என்று ஏழெட்டுப் பொய் வரிசையில் வந்து நின்றது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஜனங்களின் கண்ணுக்குள் பார்ப்பது அவள் தொழில். பொய்யெல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"அவன் பாடலம்மா" என்றேன்.

"அப்ப யாரு பாடினது?"

"நான்."

சிரித்தாள். "விளையாடாதீங்க சித்தப்பா."

நாற்பது நொடி முழுவதையும் போட்டேன். 'நீயே பாடு' என்றதும் சிரிப்பு நின்றது. ட்ராக் பாடும் கதை, அண்ணி வயிற்றில் கைவைத்த கதை, நான் வாயை மூடிய கதை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் மெத்தையின் ஓரத்துத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"என் கல்யாணத்துல நான் அழுதது உங்களப் பாத்தா?"

"என்னக் கேட்டும்மா" என்றேன். திருத்துகிற நேரமா அது. அப்படி ஒரு பிறவி நான்.

"இத வெட்டி எங்கிட்ட கொடுத்தீங்களே. இப்பவும் ஏமாத்தத்தான் பாத்தீங்க இல்ல?"

நான் தலையாட்டினேன். நாற்பது நொடியைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு எழுந்து போனாள். கண்ணாடிக் கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் அவள் பேசவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. தூக்கத்திடம் சொன்னபோது, "முப்பது வருஷம் கழிச்சுப் பொறாமையாடா உனக்கு" என்று காறித் துப்பாத குறைதான். பிறகு அந்த நாற்பது நொடியைக் கேட்டுவிட்டு, "நான்தானேடா அத இரைச்சல்னு ஓட்டிட்டுப் போட்டேன்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தான். என் வாழ்க்கையில் அவனை முழுசாக விழித்த நிலையில் பார்த்தது அன்றுதான். என் மனைவியும் கேட்டாள். "அப்ப இத்தன வருஷமா குளிக்கும்போது மட்டும் ஏன் அப்படிப் பாடுறீங்க" என்றாள்.

நினைவு நாளுக்கு இந்தத் தடவை பெரிய மண்டபம். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நெட்டையின் முகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டிருந்தார்கள். நான் பேசப் போகும் முறை வந்தபோது நெட்டையின் மகள் எனக்கு முன்னால் மேடை ஏறிவிட்டாள்.

"நீங்க எல்லாரும் கேக்கிற பாட்ட எங்கப்பா எழுதினாரு, பாடல" என்றாள். "பாடினது எங்க சித்தப்பா. அதோ உக்காந்திருக்காரு. எங்கப்பா குரல் நாப்பது நொடிதான் இருக்கு. இப்பப் போடுறேன்."

போட்டாள். முடிந்ததும் முந்நூறு தலை என் பக்கம் திரும்பியது. வழுக்கையும் தொப்பையுமாக, கடையின் பெயர் போட்ட சட்டையோடு ஒருத்தன். நேரம் இல்லாமல் கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டேன். ஒருவர்கூடக் கை தட்டவில்லை. பின் வரிசையில் சிலர் எழுந்து போனார்கள்.

அன்று மாலைக்குள் பாட்டுக்குக் கீழே புது எழுத்துகள் வர ஆரம்பித்தன. 'இந்தக் குரலில் ஏதோ போலித்தனம் இருப்பதாக எனக்கு முதலிலிருந்தே பட்டது.' 'மூன்றாவது வரியில் சுருதி விலகுகிறது.' 'மெத்தைக்காரன் பாட்டு, கேட்டால் தூக்கம் வருகிறது.' ஒரே பாட்டு, ஒரே கேசட், ஒரே குரல். பாடியவன் உயிரோடு இருக்கிறான் என்பது ஒன்றுதான் புதுக் குற்றம். முப்பத்தொரு வருஷம் செத்தவனாகப் புகழ் வாங்கினேன், உயிரோடு வந்ததும் அரை நாளில் பறிபோனது. ட்ரம்மரைப் பற்றி மட்டும் ஒருவரும் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன். கூட்டம் கலைந்ததும் மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. நெட்டையின் மகள் வந்து கூடவே நாலு நாற்காலி அடுக்கினாள். அப்புறம் ஒன்றை விரித்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டு வாங்குவதற்குத் தயாராக முகத்தைக்கூட ஒரு மாதிரி வைத்துக்கொண்டேன்.

"உங்க மேல கோவம் போகல சித்தப்பா. போகுமான்னும் தெரியல."

"போக வேண்டாம்மா."

"ஒம்பது நாளா அதையேதான் கேட்டுட்டு இருக்கேன். பாட்டுல இருந்தவரு பெரிய ஆளு. எல்லாம் தெரிஞ்சவரு மாதிரி இருப்பாரு. எதாவது முடிவு எடுக்கணும்னா அவரு என்ன சொல்லுவாருன்னு அதக் கேப்பேன்." கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தாள். அங்கே நெட்டையின் பெரிய படத்தை இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். "இதுல பேசுறவரு அப்படி இல்ல. என்னவிட நாலு வயசு சின்னவரு. எங்க கடையில வேலைக்குச் சேருற பசங்க மாதிரி பேசுறாரு. பொண்ணு பொறந்ததும் ரெண்டுல ஒண்ணு கேக்கிறேங்கிறாரு. பாவம் சித்தப்பா, ரெண்டே நாளுதான் இருக்குன்னு அதுக்குத் தெரியல. சின்னப் புள்ள."

அவள் அழுதாள். கல்யாணத்தில் அழுதது போல இல்லை, தெருவில் அடிபட்ட குழந்தையைப் பார்த்து அழுவது போல அழுதாள்.

நான் நெட்டைக்காக எத்தனையோ மேடையில் அழுதவன். மெழுகுவத்தி வந்த வருஷம் முன்வரிசையையே அழவைத்தவன். அதெல்லாம் ஆறு வருஷம் பாடிய என் ட்ராக்கை அழித்துவிட்டார்களே, மிஞ்சிய பாட்டிலும் என் பெயர் இல்லாமல் போய்விட்டதே என்று எனக்காக நான் அழுதது. அந்தப் பையன் வீட்டுக்குப் போக அவசரப்பட்டான், மகளைப் பார்க்காமலே போய்விட்டான் என்று முப்பத்தொரு வருஷத்தில் அன்றைக்குத்தான், அவள் பக்கத்தில் அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, முதல் தடவையாக அவனுக்காக அழுதேன்.